ஒரே கோப்பு, இரண்டு வாசல்: யூனிக்ஸுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஜோ ஒசன்னா

மேக் கம்ப்யூட்டரிலோ லினக்ஸிலோ டெர்மினலைத் திறங்கள். 'மேன்' என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டளையின் பெயரைப் போடுங்கள். அந்தக் கட்டளைக்கான கையேட்டுப் பக்கம் திரையில் வந்து நிற்கும். ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது தினசரி வேலை.

அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஹெச்டிஎம்எல் இல்லை, மார்க்டவுன் இல்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, ஒட்டினாற்போல் இரண்டு எழுத்து, கீழே சாதாரண ஆங்கில வாக்கியம். அந்த ஒரே கோப்பிலிருந்து டெர்மினலுக்கும் எடுக்கலாம், பிடிஎஃப் ஆகவும் எடுக்கலாம், இணையப் பக்கமாகவும் எடுக்கலாம்.

இன்று ஆவணம் எழுதுகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒரு தடவை எழுதணும், எல்லா வடிவத்திலும் வரணும். யூனிக்ஸில் இதை முதலில் நடத்திக் காட்டியவர் ஜோ ஒசன்னா. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்ச்சி ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். ஆனால், அவர்கள் அளவுக்குப் புகழ் வெளிச்சம் இவர் மேல் விழவில்லை. 49 வயதுகூட முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆம்ப்ளிஃபயரில் தொடங்கியவர்

ஜோசப் ஃபிராங்க் ஒசன்னா 1928 டிசம்பர் 10-ம் தேதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அங்கேயே வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்து 1952-ல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். பிறகு நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் வேலை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் ஆராய்ச்சிப் பிரிவு அது. டிரான்சிஸ்டர் பிறந்த இடம்.

ஒசன்னா அங்கே கம்ப்யூட்டர் ஆளாக அறிமுகமாகவில்லை. இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பு, செயற்கைக்கோளைப் பிடிக்க ஆன்டெனாவை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்ற கணக்கு, ஓடும் வண்டியில் ரேடியோ சிக்னல் ஏன் ஏறி இறங்குகிறது என்ற ஆய்வு... இப்படித்தான் போனது அவருடைய தொடக்க காலம். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் கணக்குப் போடும் இயந்திரம் தேவை. மர்ரே ஹில் கணினி மையத்தின் நிர்வாகத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. அப்படியே மென்பொருள் பக்கம் வந்துசேர்ந்தார்.

1960களின் நடுவில் எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து 'மல்டிக்ஸ்' என்ற பெரிய இயங்குதளத்தைக் கட்டத் தொடங்கின. ஒரே கம்ப்யூட்டரை நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது கனவு. அதை உலகுக்கு அறிவிக்க 1965-ல் ஒரு மாநாட்டில் சில கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. வெளியிலிருந்து வரும் தரவை உள்ளே எடுப்பது, உள்ளே இருப்பதை வெளியே அனுப்புவது பற்றிய கட்டுரையில் முதல் பெயர் ஒசன்னாவுடையது. பிற்காலத்தில் அவர் செய்ததும் ஒருவகையில் அதே வேலைதான். உள்ளே இருப்பது ஒன்று, வெளியே போகும் சாதனம் வேறு வேறு.

மல்டிக்ஸ் இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் ஆய்வகம் கைகழுவிவிட்டு வெளியே வந்தது. அதில் வேலை பார்த்தவர்களுக்குத் திடீரென்று கம்ப்யூட்டர் இல்லை. பெரிய மெஷின் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே சூடுபட்ட நிர்வாகம் மறுத்துவிட்டது. மிச்சம் இருந்தது யாரும் அதிகம் தொடாத ஒரு பழைய பிடிபி-7. தாம்ப்சன் அதில் ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். கூடவே ரிட்ச்சி, ரட் கனடே, ஒசன்னா. யூனிக்ஸ் அங்கே பிறந்தது.

65,000 டாலரும் ஒரு சாக்கும்

பிடிபி-7 ரொம்பச் சிறியது, அதுவும் இரவல். புது மெஷின் வேண்டும். ஆனால், இயங்குதளம் எழுதப் போகிறோம் என்று சொன்னால் மல்டிக்ஸ் ஞாபகம் வந்து ஃபைலை மூடிவிடுவார்கள். அப்போது வேறு ஒரு யோசனை முளைத்தது. ஆவணங்களைத் தட்டச்சு செய்து, திருத்தி, அழகாகப் பக்கம் பிரித்துத் தரும் ஒரு அமைப்பை உருவாக்குகிறோம், அதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்பது. இன்றைய மொழியில் ஒரு வேர்ட் பிராசஸர்.

1970-ல் வைத்த இந்தக் கோரிக்கையின் மதிப்பு 65,000 டாலர். பணம் கிடைத்தது, பிடிபி-11 வந்தது. செயலி கோடையின் முடிவில் வந்துவிட்டது, டிஸ்க் டிசம்பரில்தான் வந்தது.

ஒசன்னாவின் குணம் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார் இல்லையா? ஸ்டோர் ரூமில் யாரைக் கேட்டால் சாமான் கிடைக்கும், எந்தத் துறையில் பட்ஜெட் மிச்சம் இருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யூனிக்ஸ் குழுவில் அந்த ஆள் ஒசன்னா. முதல் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய சாதனங்களைச் சேர்த்ததும், வெளியிலிருந்து முதல் பயனாளர்களைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்று அந்தக் குழுவின் தலைவராக இருந்த டக் மெக்கில்ராய் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். யூனிக்ஸ் வரலாற்றைச் சொல்பவர்கள் அதிகம் பேசுவது நிரல் எழுதியவர்களைப் பற்றித்தான். மெஷினும் பயனாளரும் இல்லாமல் அந்த நிரலை ஓட்ட முடியாது என்பதைச் சேர்த்துச் சொன்னால் ஒசன்னாவின் இடம் புரியும்.

டைப்பிஸ்டுகள் வந்தார்கள்

முதல் பயனாளர் யார் தெரியுமா? பெல் ஆய்வகத்தின் காப்புரிமைத் துறை. கண்டுபிடிப்புகள் கொட்டிக்கொண்டிருந்த இடம். ஒவ்வொன்றுக்கும் நீளநீளமான விண்ணப்பம். ஒரு திருத்தம் வந்தால் பக்கம் பக்கமாக மறுபடி டைப் அடிக்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே வெளியே ஒரு வணிக மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யூனிக்ஸ் குழுவின் கையில் இருந்தது 'ராஃப்' என்ற சிறிய நிரல். அதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1964-ல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்ஸர் 'ரன்ஆஃப்' என்று ஒன்று எழுதினார். உரைக்கு நடுவே புள்ளி வைத்த வரிகளில் உத்தரவு கொடுத்தால், அதற்கேற்பப் பக்கம் பிரித்துத் தரும். அதை மெக்கில்ராய் தன் பாணியில் மாற்றி எழுதினார். பிறகு அது யூனிக்ஸுக்கு வந்தது.

காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும் பக்கங்களில் வரிகளுக்கு எண் போட வேண்டும் என்பது விதி. வணிக மென்பொருளால் அது முடியவில்லை. ராஃபில் அந்த வசதி சட்டென்று சேர்க்கப்பட்டது. கணிதக் குறியீடுகளை அச்சடிக்கக்கூடிய டெலிடைப் மாடல் 37 டெர்மினலும் கைகொடுத்தது. காப்புரிமைத் துறை யூனிக்ஸ் பக்கம் சாய்ந்தது.

1971-ன் பிற்பாதியில் மூன்று டைப்பிஸ்டுகள் நாள் முழுக்க அந்த மெஷினில் விண்ணப்பங்களை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதே மெஷினில்தான் யூனிக்ஸ் ஆராய்ச்சியும் நடந்தது. மொத்த நினைவகம் 24 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது. ஒரு நிரல் இன்னொரு நிரலின் இடத்தில் கைவைக்காமல் தடுக்கும் பாதுகாப்பும் அந்த மெஷினில் கிடையாது. புது நிரலைச் சோதிக்கும்போது ஒரு சின்னத் தப்பு நடந்தால், டைப்பிஸ்டுகளின் வேலையும் சேர்ந்து போகும். பயந்து பயந்துதான் சோதித்தார்கள்.

இந்தப் பரீட்சையில் தேறியதால் நிர்வாகத்துக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த, பெரிய மெஷினான பிடிபி-11/45 கிடைத்தது. சொல்லப்போனால் யூனிக்ஸுக்கு முதல் சோறு போட்டது ஆவணத் தயாரிப்புதான்.

புது ராஃப்

பழைய ராஃப் ஒரு எளிய கருவி. அதில் இருக்கிற வசதி இருக்கும், இல்லாதது இல்லை. காப்புரிமைத் துறைக்கு ஒரு மாதிரிப் பக்கம் வேண்டும், ஆராய்ச்சியாளருக்கு வேறு மாதிரி, அலுவலகக் குறிப்புக்கு இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நிரலைத் திருத்திக்கொண்டே இருக்க முடியுமா?

ஒசன்னா வேறு வழியில் யோசித்தார். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நிரலுக்குள் பதிக்காமல், எழுதுபவரிடமே விட்டுவிட்டார். அவர் எழுதிய 'என்ராஃப்', அதாவது 'புது ராஃப்', ஒரு சிறிய நிரல்மொழி. பல உத்தரவுகளை ஒன்றாகக் கட்டி அதற்கு ஒரு பெயர் வைக்கலாம். இதைத்தான் மேக்ரோ என்கிறோம். எண்களைச் சேமித்துக் கூட்டிக் கழிக்கலாம். பக்கத்தின் இந்த இடத்துக்கு வந்ததும் இதைச் செய் என்று பொறி வைக்கலாம். ஒரு துண்டு உரையை வேறு இடத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு வேண்டிய இடத்தில் கொட்டலாம். அடிக்குறிப்பு பக்கத்தின் கீழே போய் உட்காருவது இந்தப் பொறியும் ஒதுக்கலும் சேர்ந்து செய்கிற வேலை.

ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்தின் மேலும் கீழும் இடம் விடுவது, பக்க எண் போடுவது போன்ற அடிப்படை விஷயங்களைக்கூட என்ராஃப் தானாகச் செய்யாது. மேக்ரோ எழுதித்தான் வாங்க வேண்டும். புதிதாக வருபவருக்கு இது எரிச்சல்தான். ஆனால், அதனால்தான் எந்த அலுவலகத்தின் எந்த விதிக்கும் அதை வளைக்க முடிந்தது.

உத்தரவுகளின் பெயர்களும் இரண்டே எழுத்துக்குள் அடங்க வேண்டும். பிடிபி-11-ன் ஒரு சொல் 16 பிட், அதில் சரியாக இரண்டு எழுத்து பிடிக்கும். அந்தச் சிக்கனத்தின் தழும்பைத்தான் இன்றைய மேன் பக்கங்களின் மூலத்தில் பார்க்கிறோம்.

ஒளியால் எழுதும் மெஷின்

அதுவரை வெளியீடு என்றால் டெலிடைப்தான். எல்லா எழுத்தும் ஒரே அகலம், ஒரே அளவு, டைப்ரைட்டர் முகம். புத்தகத் தரத்தில் வேண்டும் என்றால் அச்சகத்துக்குத்தான் போக வேண்டும்.

கிராஃபிக் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் 'கேட்' என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் பெல் ஆய்வகத்துக்கு வந்தது. எழுத்துகளின் வடிவம் ஃபிலிமில் இருக்கும். அதன் வழியாக ஒளியைப் பாய்ச்சி, போட்டோ காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும். வெளியே வரும் காகிதத்தை ரசாயனத்தில் கழுவி எடுக்க வேண்டும், ஸ்டூடியோவில் போட்டோ கழுவுவது போல. நான்கு எழுத்துருக்கள், ஒவ்வொன்றிலும் 102 குறிகள், 6 புள்ளி முதல் 36 புள்ளி வரை 15 அளவுகள். நான்கில் ஒன்று கணிதக் குறியீடுகளுக்கே ஒதுக்கப்பட்டது. இன்றைய கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. அன்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், தங்கள் மேசையில் அடித்ததைத் தாங்களே அச்சுத் தரத்தில் எடுப்பது பெரிய விஷயம்.

இந்த மெஷினை ஓட்ட ஒசன்னா 1973-ல் எழுதியதுதான் 'டீராஃப்'. முதல் பதிப்பு முழுக்க பிடிபி-11 அசெம்பிளி மொழியில். சுமார் இரண்டு வருடங்கள் கழித்து அதையே சி மொழியில் மாற்றி எழுதினார்.

ஒரு முடிவு இங்கே முக்கியமானது. புது மெஷினுக்குப் புது மொழி என்று அவர் போகவில்லை. என்ராஃப் புரிந்துகொண்ட அதே கோப்பை டீராஃபும் புரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்தார். இரண்டுக்கும் மூல நிரலே பெரும்பாலும் ஒன்றுதான்.

சரி, இது எப்படிச் சாத்தியம்? டெலிடைப் ஒரு கட்டை வண்டி. கேட் மெஷின் நுணுக்கமானது. இரண்டுக்கும் ஒரே உத்தரவு எப்படிப் பொருந்தும்?

முதலாவது, அளவு. எழுதுபவர் ஓர் அங்குலம் இடம் விடு என்றுதான் சொல்வார். அதை மெஷினின் கணக்குக்கு மாற்றுவது நிரலின் பொறுப்பு. டீராஃப் உள்ளுக்குள் ஓர் அங்குலத்தை 432 பங்காகப் பிரித்துக் கணக்குப் போடும். என்ராஃப் 240 பங்காகப் பிரிக்கும். பலவகை டைப்ரைட்டர் சாதனங்களின் நகர்வுக்கும் பொதுவாக வகுபடும் எண் என்பதால் 240. எழுதுபவருக்கு இந்த எண்கள் தெரியவே வேண்டாம்.

இரண்டாவது, முடியாததைச் சமாளிப்பது. எழுத்தைப் பெரிதாக்கு என்று கோப்பில் இருந்தால் டீராஃப் பெரிதாக்கும், என்ராஃப் கேட்காத மாதிரி போய்விடும். சாய்வெழுத்து என்றால் டீராஃப் சாய்க்கும், என்ராஃப் அடிக்கோடு போடும்.

மூன்றாவது, நிபந்தனை. இரண்டு வெளியீட்டிலும் ஒரே மாதிரி செய்தால் சரியாக வராது என்ற இடத்தில், நீ என்ராஃப் என்றால் இதைச் செய், டீராஃப் என்றால் அதைச் செய் என்று கோப்பிலேயே எழுதலாம். அதற்கு ஒற்றை எழுத்தில் ஒரு சோதனை உண்டு. இணையதளம் வடிவமைப்பவர்கள் மொபைலுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று இன்று எழுதும் விதிகளைப் பார்த்தால் இதன் சாயல் தெரியும்.

நடைமுறையில் இதன் பலன் என்ன? வரைவை டெலிடைப்பில் என்ராஃப் மூலம் எடுத்துப் படித்து, திருத்திக்கொள்ளலாம். போட்டோ காகிதமும் ரசாயனமும் வீணாகாது. எல்லாம் சரியான பிறகு, அதே கோப்பை டீராஃபுக்குக் கொடுத்தால் அச்சுக்குத் தயார். இடையில் ஒரு வார்த்தையையும் மறுபடி டைப் அடிக்க வேண்டாம்.

தன்னைச் சுற்றி ஒரு பட்டறை

டீராஃபின் மேல் மற்றவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1974-ல் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் கணிதச் சமன்பாடுகளுக்கு 'ஈக்யூஎன்' எழுதினார்கள். சமன்பாட்டை வாய்விட்டுப் படிப்பது போலவே டைப் அடித்தால் போதும், அதை டீராஃப் மொழிக்கு மாற்றித் தரும். கணிதம் தெரியாத டைப்பிஸ்டும் பழகிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். மைக் லெஸ்க் அட்டவணைகளுக்கு 'டிபிஎல்' எழுதினார். கட்டுரைகளுக்கான மேக்ரோத் தொகுப்பையும் அவரே செய்தார்.

இந்த மேக்ரோத் தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. டீராஃபின் அடிப்படை உத்தரவுகள் எல்லாம் தோற்றத்தைப் பற்றியவை. இவ்வளவு இடம் விடு, நடுவில் வை, எழுத்துருவை மாற்று. மேக்ரோ வந்த பிறகு எழுதுபவர் இது தலைப்பு, இது பத்தி, இது அடிக்குறிப்பு என்று மட்டும் சொன்னால் போதும் என்றாயிற்று. தலைப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பது மேக்ரோவின் வேலை. ஐபிஎம்மில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் குழு ஜிஎம்எல் என்ற மொழியில் இதே கருத்தைக் கொள்கையாகவே வைத்துக் கட்டியது. அதன் வாரிசுகள்தான் ஹெச்டிஎம்எல்லும் எக்ஸ்எம்எல்லும். ஒசன்னாவின் கருவியில் அது கொள்கையாக வரவில்லை, வளைந்துகொடுக்கும் தன்மையால் தானாக வந்தது. அதனால் ஒழுங்கும் குறைவு. ஒரே ஆவணத்தில் மேக்ரோவும் நேரடி உத்தரவும் கலந்துகிடப்பதை யாரும் தடுக்கவில்லை. பிற்காலத்தில் அந்தக் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்ற முயன்றவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஒசன்னா எழுதிய பயனர் கையேடு 1976 அக்டோபர் 11 தேதியிட்டது. ஒரு வரியைத் தவறவிட்டாலும் அடுத்தது புரியாத அளவுக்கு இறுக்கமானது. எல்லாம் அதில் இருக்கும், ஆனால் எதுவும் ஊட்டிவிடப்படாது. புதியவர்களுக்காக கெர்னிகன் தனியாக ஓர் எளிய பாடம் எழுத வேண்டியிருந்தது.

அவிழ்க்காமல் போன முடிச்சு

எழுதுபவரை மெஷினிடமிருந்து விடுவித்த ஒசன்னாவின் நிரல், தானே ஒரு மெஷினோடு கட்டப்பட்டிருந்தது. டீராஃப் வெளியே தள்ளியது கேட் மெஷினுக்கு மட்டுமே புரியும் குறிகளை. நான்கு எழுத்துரு, 102 குறி, 15 அளவு என்ற கணக்கெல்லாம் நிரலின் எலும்புக்குள்ளேயே இருந்தது. அந்த மெஷினுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. மறுபடி ஒரு முறை மாற்றி எழுத வேண்டும் என்ற திட்டம் ஒசன்னாவிடம் இருந்தது.

நேரம் கிடைக்கவில்லை. 1977 நவம்பர் 28 அன்று நியூஜெர்சியின் மோரிஸ்டவுன் நகரில் இதயநோயால் இறந்தார். 49-வது பிறந்தநாளுக்கு 12 நாள் பாக்கி.

கெர்னிகனும் ரிட்ச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம் அடுத்த சில மாதங்களில், 1978-ல் வெளிவந்தது. உலகம் முழுக்க இன்ஜினீயரிங் மாணவர்கள் கையில் தவழ்ந்த புத்தகம் அது. அதை அச்சகத்தார் கோக்கவில்லை. ஆசிரியர்களே பிடிபி-11-ல், யூனிக்ஸின் கீழ், கிராஃபிக் சிஸ்டம்ஸ் மெஷினில் பக்கங்களை எடுத்தார்கள். அதாவது ஒசன்னாவின் நிரல் வழியாக.

அவர் விட்டுப்போனது சுமார் 7,000 வரி சி நிரல். விளக்கக் குறிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆவணம் தயாரிக்கும் மென்பொருளுக்கே ஆவணம் இல்லாத நிலை. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். வேலையை விட்டுப் போனவரின் கோடைக் கையில் எடுத்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான கோபம்தான். இங்கே போனவரை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை.

1979-ல் பெல் ஆய்வகம் லினோட்ரான் 202 என்ற புதிய அச்சுக்கோப்பு இயந்திரத்தை வாங்கியது. பழைய டீராஃபுக்கு அதோடு பேசத் தெரியாது. வேலை கெர்னிகன் தலையில் விழுந்தது. முழுக்கத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா, இருப்பதைப் பிரித்து மேய்வதா? அதற்குள் டீராஃப் மொழியில் கையேடுகள், கட்டுரைகள், புத்தகங்கள் என்று ஏராளம் குவிந்திருந்தன. அவை எல்லாம் ஓடியாக வேண்டும். கெர்னிகன் உள்ளே வரும் மொழியைப் பெரிதாகத் தொடவில்லை. வெளியே போகும் பக்கத்தை மட்டும் அறுத்து மாற்றினார்.

புதிய டீராஃப் எந்த மெஷினுக்கும் நேரடியாகப் பேசாது. இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்தைப் போடு என்று எளிய இடைமொழி ஒன்றில் எழுதி வைக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு தனிச் சிறு நிரல் அதை வாங்கிக்கொண்டு மொழிபெயர்க்கும். எழுத்துகளின் அகலம், சாதனத்தின் நுணுக்கம் போன்ற விவரங்கள் நிரலைவிட்டு வெளியே வந்து தனிக் கோப்புகளாயின. புதுச் சாதனம் வந்தால் மையத்தில் கைவைக்க வேண்டாம். ஒரு மொழிபெயர்ப்பு நிரலும் சில விவரக் கோப்புகளும் போதும்.

இரண்டு வாசல் வைத்தவர் ஒசன்னா. எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆக்கியவர் கெர்னிகன். ஆனால், பெயர் விஷயத்தில் கெர்னிகன் நேர்மையாக இருந்தார். 1992-ல் திருத்தி வெளியிட்ட கையேட்டிலும் முதல் பெயர் ஒசன்னாவுடையதுதான். அவர் இறந்து 15 வருடங்கள் ஆகியிருந்தன.

பிறகு நடந்தது

டீராஃப் ஏடி அண்ட் டியின் சொத்து. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் ஒரு பதிப்பு தேவைப்பட்டது. ஜேம்ஸ் கிளார்க் என்ற பிரிட்டிஷ் நிரலர் சி பிளஸ் பிளஸ் மொழியில் புதிதாக எழுதினார். அதுதான் 1990-ல் வந்த 'ஜீராஃப்'. ஒசன்னாவின் நிரல் ஒரு வரிகூட அதில் இல்லை, ஒசன்னாவின் மொழி முழுக்க இருக்கிறது. இதே கிளார்க்தான் பின்னர் எக்ஸ்எம்எல்லை உருவாக்கிய குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார்.

இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று வகுத்த ஆர்எஃப்சி ஆவணங்கள் பல பத்தாண்டுகள் என்ராஃப் வழியாகத்தான் இறுதி வடிவம் பெற்றன. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் எழுதிய டிசிபி/ஐபி புத்தகங்களும் இந்தக் குடும்பத்தின் கருவிகளில் கோத்தவைதான்.

இப்போது நிலைமை கொஞ்சம் தலைகீழ். புதிதாக ஆவணம் எழுதுபவர்கள் பெரும்பாலும் புள்ளி வைத்து இரண்டு எழுத்து அடிப்பதில்லை. மார்க்டவுனிலோ ஆஸ்கிடாக்கிலோ எழுதுகிறார்கள். 'கிட்' மென்பொருளின் கையேடுகள் ஆஸ்கிடாக்கில் எழுதப்படுகின்றன, அதிலிருந்து இணையப் பக்கமும் மேன் பக்கமும் தயாராகின்றன. தத்துவப் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006-ல் தொடங்கிய 'பான்டாக்' ஏகப்பட்ட வடிவங்களுக்கு இடையே ஆவணங்களை மாற்றித் தருகிறது. அது எழுதித் தரும் வடிவங்களின் பட்டியலில் ராஃப் மேக்ரோக்களும் உண்டு. ஒரு காலத்தில் மூலமாக இருந்த மொழி, இன்று பல வெளியீடுகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது.

ஜீராஃபின் 1.23 பதிப்பு 2023-ல் வந்தது. ஒரே கோப்பை டெர்மினலுக்கும், போஸ்ட்ஸ்கிரிப்டுக்கும், பிடிஎஃப்புக்கும், ஹெச்டிஎம்எல்லுக்கும் அது அனுப்பும். நீ என்ராஃபா, டீராஃபா என்று கேட்கும் ஒசன்னாவின் ஒற்றை எழுத்துச் சோதனை அதிலும் வேலை செய்கிறது. பிடிஎஃப் எடுக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில், டீராஃப்.